ஜப்பானில் மடித்து வைத்த மெத்தை

அவித்த முட்டை மணம்...

அந்த விடுதியின் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே மூக்கில் ஏறியது. குசினியில் யாரோ முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். மகள் சிரித்தாள். "அம்மா, அது தண்ணியின்ர மணம். ஊற்றுத் தண்ணி அப்பிடித்தான்."

நாலு வருடம் இருக்கும். மகள் அப்போது ஜப்பானில் படித்துக்கொண்டிருந்தாள். "ஒருக்கா வாங்கோ அம்மா, ரெண்டு நாள் சும்மா இருப்பம்" என்று கூப்பிட்டு, மலைக்குள் ஒரு ரியோகானில் அறை எடுத்திருந்தாள். வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில், பல தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவரும் பழைய மர விடுதி. நடந்தால் பலகையெல்லாம் கிறீச்சிடும்.

இவர் வரவில்லை. "குளிக்கிறதுக்கு ஜப்பானோ? கிரின்ஸ்டெட்டில தண்ணி வருகுதில்லையோ?" என்று கேட்டுவிட்டு, டென்மார்க்கில் எங்கள் வீட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

சும்மா இருப்பது... என்னிடம் கேட்கக்கூடிய காரியமா அது?

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். காலையில் போனால் ஆட்களை எழுப்பி, குளிக்க வார்த்து, உடுப்புப் போட்டு, கட்டில் விரித்து... கை ஓயாது. வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். அந்த அறையில் என்னவென்றால் ஒரு குட்டை மேசை, தரை முழுக்கப் பாய், ஒரு சாடியில் ஒரேயொரு பூ. துடைக்கத் தூசிகூட இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கிமோனோ உடுத்திய ஒரு பெண்மணிதான் எங்களைக் கவனித்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். முழந்தாளில் இருந்து கதவைத் திறப்பார், முழந்தாளில் இருந்தே தேநீர் வைப்பார். பார்க்கவே எனக்கு முழங்கால் நொந்தது. இரவுச் சாப்பாடு குட்டிக் குட்டிக் கோப்பைகளில் வந்தது. சாப்பிட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் அடுக்கி, தட்டோடு தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் வெளிக்கிட்டேன். அவர் ஓடிவந்து தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில் மகள் வந்துதான் என் கையை எடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை, அவர் இரவு விரித்துவிட்டுப் போன மெத்தைகளை நானே மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அவர் வந்து பார்த்ததும் முகம் வெளிறிப்போய், நெற்றி பாயில் படக் குனிந்து என்னவோ சொன்னார்.

"அம்மா, நீங்கள் மடிச்சா தங்கட கவனிப்பில ஏதோ குறை எண்டு அவ நினைக்கிறா."

"குறை ஒண்டும் இல்லையெண்டு சொல்லு பிள்ளை. எனக்குக் கை சும்மா இராது எண்டு சொல்லு."

சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பி, "செட் டை நூ, அம்மா" என்றாள். டெனிஷில், ஓரிடத்தில் இருங்கோவன் என்று அர்த்தம். கெஞ்சுகிற குரல்.

எனக்கு விளங்காமல் இல்லை. நான் வந்து இறங்கியதிலிருந்து அவளுக்கு என்னவோ சொல்ல இருந்தது. "அம்மா, நான் ஒண்டு..." என்று தொடங்குவாள். நான் உடனே எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவுவேன், துவாயை உலரப் போடுவேன். நல்ல செய்தியென்றால் போனிலேயே சொல்லியிருப்பாளே...

அன்று பின்னேரம் பெண்கள் குளிக்கும் பக்கத்துக்குப் போனோம். தொட்டிக்குள் இறங்க முதல், ஒரு சின்ன முக்காலியில் இருந்து உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதுதான் அங்கத்தைய முறை. உடுப்பில்லாமல் இருக்க எனக்கென்ன கூச்சம்? நாள் முழுக்கப் பார்க்கிற உடம்புகள்தானே. ஆனால் என் உடம்பை இன்னொருவர் கழுவி எத்தனை காலம் என்று யோசித்தால் நினைவுக்கே வரவில்லை.

"திரும்புங்கோ, முதுகு தேய்ச்சு விடுறன்," என்றாள்.

எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதுகு தேய்க்கும்போதுதான் ஆட்கள் மனதில் உள்ளதைக் கதைப்பார்கள். முகம் பார்க்கத் தேவையில்லை அல்லவா? இதைச் சாப்பாட்டு மேசையில் நான்தான் அவளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். என் வித்தையை என்னிடமே காட்டுகிறாள் என்று பிடிபட முதல் அவள் சொல்லிவிட்டாள்.

"அம்மா, எனக்கு இங்க வேலை கிடைச்சிட்டுது. நான் திரும்பி வரேல்லை."

எழும்ப முடியவில்லை. உடம்பெல்லாம் சவுக்காரம். கழுவக் கோப்பை இல்லை, மடிக்க மெத்தை இல்லை...

கோபம் வந்தது. ஒரு நாட்டை விட்டு ஓடிவந்து, அந்தக் குளிருக்குள் வளர்த்தெடுத்த பிள்ளை, இப்போது இன்னொரு நாடு என்கிறாள். அழுகையும் வந்தது. நல்லவேளை, அங்கே எல்லாருடைய முகமும் ஈரம்தான்.

அவள் வாளியில் தண்ணீர் அள்ளினாள். "சூடு காணுமோ அம்மா?"

வேலையிடத்தில் யாராவது ஒரு பெரிய கதையைச் சொல்லிவிட்டு மௌனமானால், நான் கேட்பதும் இதே கேள்விதான். வேறு என்னத்தைக் கேட்பது?

"காணும். வார் பிள்ளை," என்றேன்.

மறுநாள் காலை மெத்தையை மடிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தேன். கிமோனோ அம்மா வந்து மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல்தரமாகப் பல் தெரியச் சிரித்தார்.

இப்போது...

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். எங்களுக்குக் காலை, அவளுக்குப் பின்னேரம். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அன்று அவள் பக்கத்தில் இருந்தாள், எனக்கு இருக்கத் தெரியவில்லை. இன்று, ஞாயிறில் வேலையும் இல்லை, இருக்க நேரம் தாராளமாகக் கிடக்கிறது.

ஆனால் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, இங்கே அவளுடைய பழைய அறையில் ஒருவரும் படுக்காத கட்டிலின் விரிப்பை உருவி எடுப்பேன். ஒவ்வொரு கிழமையும் புது விரிப்பு.

"அம்மா... செட் டை நூ," என்பாள் அங்கிருந்து.

"இருக்கிறன், இருக்கிறன்," என்று சொல்லிக்கொண்டே தலையணை உறையை மாற்றுவேன்.