வெட்டாமல் விட்ட மச்சம்

ஒதாகி பேசியதைவிடச் செதுக்கியது அதிகம். ஜப்பானின் எடோ நகரில், கண்டா பகுதியில், படம் அச்சிடச் செதுக்கும் செர்ரி மரப் பலகை முன் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழமாட்டாள். தொழிலும் கத்தியும் அப்பா மொஹெய் விட்டுப்போனவை.

அவர் தானாகப் போகவில்லை. பதிப்பாளர் ஜின்பெய் செதுக்கக் கொடுத்த படம் ஒன்று பெரிய இடத்தைக் கேலி செய்தது. அதிகாரிகள் வந்தார்கள்.

"நான் அப்படிப் படமே குடுக்கலீங்க. அவனா செதுக்கிட்டான்" என்று ஜின்பெய் கைகழுவினார்.

மூலப்படத்தைக் காட்ட வழியில்லை. அதைப் பலகையில் ஒட்டி, அதன் மேலேயே செதுக்குவார்கள். வேலை முடியும்போது தாள் இருக்காது. வரைந்து கொடுத்த ஓவியர் நினைவில்லை என்றார். மொஹெய்யின் கைகளில் விலங்கு பூட்டினார்கள். பல நாள் கழித்துக் கழற்றியபோது விரல்கள் கத்தியைப் பிடிக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தை அவர் பார்க்கவில்லை.

துக்கம் கேட்க வந்த ஜின்பெய்யே மகளுக்கு வேலை கொடுத்தார். உங்கப்பன் கை போனாலென்ன, உன் கை இருக்கே என்றார். ஒதாகி தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

அவர் செதுக்கக் கொடுத்தது, பழைய கதைக்குப் புதுவேடம் கட்டிய படம். வானில் பறந்த முனிவர், துணி துவைப்பவளின் கெண்டைக்காலைப் பார்த்துச் சக்தியிழந்து விழுந்த கதை. படத்தில் முனிவர் பட்டுடுத்திய வணிகர். வானம், தேநீர் விடுதியின் மாடி. எந்தக் கதையென்று கண்டுபிடிப்பதில்தான் ஊருக்குக் குஷி.

வணிகரின் மூக்கோரம் ஒதாகி எள்ளளவு மரத்தை வெட்டாமல் விட்டாள். அச்சில் அது கறுப்பு மச்சம். ஜின்பெய்க்கு இருக்கும் அதே இடத்தில்.

மாதிரி அச்சைச் சரிபார்த்த ஜின்பெய் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைகளில் தொங்கவிட்டதும் ஊர் இரண்டு கதைகளையும் கண்டுபிடித்தது. மச்சக்காரர் படம் இருக்கா என்று கேட்டு வாங்கினார்கள்.

ஜின்பெய் மூச்சிரைக்க வந்தார். "யாரைக் கேட்டு மச்சம் வெச்சே?"

"படத்துல இருந்துச்சுங்க, முதலாளி."

"இல்லவே இல்ல."

"அப்ப அந்தப் படத்தைக் காட்டுங்க."

அவர் ஓவியரிடம் ஓடினார். ஓவியருக்கு இந்த முறையும் நினைவில்லை. மற்ற பட்டறைகளில் ஒருவரும் பலகையைத் தொடவில்லை. மொஹெய்யை அவர்கள் மறந்திருக்கவில்லை. ஜின்பெய் தானே உளியெடுத்து மச்சத்தைப் பெயர்த்தார். மூக்கும் சேர்ந்து வந்தது. மறு அச்சில் வணிகர் மூக்கில்லாமல் விழுந்தார். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கடைசியில் பலகை ஒதாகியிடமே வந்தது. கொண்டுவந்த கணக்குப்பிள்ளை, சரிசெய்து தரும்படி கெஞ்சினார். அவள் அப்பாவின் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்.

"கை வெளங்கலைன்னு சொல்லிடுங்க. எங்கப்பாவுக்கு வந்த மாதிரியே."