இரண்டாம் மாடியில் படுத்த கோடு

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கோட்டு டீச்சர். நாலாம் மாடி வீட்டின் முன்னறையில் மாலைதோறும் கணக்கு டியூஷன் எடுப்பவள். எந்தக் கணக்கானாலும் முதலில் அட்டவணை, பிறகு சமன்பாடு, கடைசியில் கிராஃப் தாளில் கோடு. "வாய் பொய் சொல்லும், கோடு சொல்லாது" என்பாள். பால்காரர்கூட அவள் வீட்டுப் பாலில் தண்ணீர் கலக்க யோசிப்பார்.

கணவர் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். வாயில்லாப் பூச்சி. அந்த வாயில்லாப் பூச்சி மேல்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் பஸ்ஸை விட்டு இறங்குவது ஜன்னலில் தெரியும். முன்பெல்லாம் அதைப் பார்த்து அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தால், கொதிப்பதற்குள் அழைப்பு மணி அடிக்கும். இப்போது டீயே ஆறிப்போகிறது. பஸ் வந்துவிட்டது, ஆள் வரவில்லை என்றால் தாமதம் கட்டடத்துக்குள்தான் நடக்கிறது. இரண்டாம் மாடியில் ஒரு நர்ஸ் தனியாகக் குடியிருந்தாள். நெருப்பில்லாமல் புகையுமா?

"என்னங்க, படியேற இவ்வளவு நேரமா?"

"வழியில பேச்சு."

"யாரோட?"

"எல்லாரோடயும்தான்."

எல்லாரோடும் பேசுகிற ஆளைப் பார்! வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

மறுநாள் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டு, கடிகாரத்தோடு வாசலில் நின்று படிக்கட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கைப்பிடியில், துணியில் கோடு போடும் சாக்பீஸ் பொடி படிந்த அவர் கை மேலே வந்துகொண்டிருந்தது. நேரத்தை ஒரு பத்தியிலும் ஏறிய படிகளை மற்றொன்றிலும் குறித்தாள். சீராக ஏறுகிறவருக்குச் சமன்பாடு சுலபம்: படிகள் = வேகம் × நேரம். கோடு நேராக மேலே போகும். இவருடைய கோடு இரண்டாம் மாடி வரை ஏறி அங்கே படுத்துக்கொண்டது. நேரம் ஓடுகிறது, ஆள் ஏறவில்லை. கைப்பிடியிலிருந்த கையையும் காணோம். அந்த இடத்தில் சிவப்பு மையால் 'நர்ஸ்' என்று எழுதி அடிக்கோடு இட்டாள்.

அதன்பின் அதே தாளில் தினம் ஒரு கோடு. படுத்த பகுதி நீண்டுகொண்டே போனது. ஏறும் பகுதியும் நாளுக்கு நாள் சாய்ந்து வந்தது. வீட்டுக்கு வரக் கால் மறுக்கிறது போலும் என்று பல்லைக் கடித்தாள். ஒருநாள் கீழேயிருந்து நர்ஸின் குரலே கேட்டது: "உள்ள வந்து உக்காருங்கண்ணே." அண்ணனாம், அண்ணன்!

பிறகு ஒரு மாலை, கோடு மூன்றாம் மாடியிலும் படுத்தது. அவள் பேனா நின்றது. மூன்றாம் மாடியில் இரண்டு வீடுகளும் எப்போதோ பூட்டியவை. பூட்டிய கதவோடு என்ன பேச்சு? முந்தைய கோடுகளை மறுபடி பார்த்தாள். இதையே ஒரு பிள்ளை போட்டுக் காட்டியிருந்தால், 'இந்த ஆளால ஏற முடியல' என்று பார்த்தவுடன் சொல்லியிருப்பாள்.

தாளும் கையுமாக ஓடினாள். அவர் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கை நெஞ்சில் இருந்தது. அவள் போட்ட சத்தத்தில் நர்ஸும் கீழேயிருந்து ஓடி வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு தினமும் சொல்றேன் அக்கா. உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்கன்னு என் வாயைக் கட்டிட்டாரு."

ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்போதிலிருந்து என்று கேட்டார். "நேத்துலேர்ந்துதான்" என்றார் கணவர். டீச்சர் யோசிக்காமல் கையில் கசங்கியிருந்த தாளை நீட்டினாள்.

டாக்டர் அதை நேரம் எடுத்துப் பார்த்தார். "நல்ல வேளைம்மா, இன்னிக்கே வந்தீங்க. எவ்வளவு அக்கறையா குறிச்சிருக்கீங்க! அது சரி, இங்க சிவப்புல நர்ஸ்னு எதுக்கு?"

கூடவே வந்து கதவருகே நின்ற இரண்டாம் மாடி நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். கட்டிலில் கிடந்த கணவர் கையை நீட்டித் தாளை வாங்கினார். ஒவ்வொரு கோடாகப் பார்த்து வந்தவரின் விரல் அந்தச் சிவப்பு எழுத்தில் நின்றது.

"தினமும் வாசல்ல நின்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"நாலு படி எறங்கி வந்திருக்கக் கூடாதா?" என்றார்.