விரல் மறைத்த நாலு வரி

கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். நூலக இணையதளத்தில் எந்தப் பழைய சட்டத் தொகுதியைத் திறந்தாலும் முதல் வேலை முடிவுக்குத் தாவுவது. "முன்பக்கத்துல எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. எழுந்து போகும்போது என்ன முணுமுணுத்தாங்கன்னு பாக்கணும்" என்பார். வக்கீலான தம்பி அக்காவுக்கு வைத்த பெயர் 'கடைசிப்பக்கம்'.

வக்கீல்களுக்குப் பழைய சட்டங்களைத் தேடிக் கொடுப்பது அவர் தொழில். சாப்பாட்டு மேசையில் கணவர் உட்கார்ந்த பக்கம் இப்போது மடிக்கணினிக்கு. தேடல் பெட்டியை அவர் நம்புவதில்லை. மங்கிய அச்சைக் கணினி கண்டபடி வாசித்து வைத்திருக்கும். பக்கம் பக்கமாகத்தான் புரட்டுவார். புத்தகங்களைப் படமெடுத்தவர்களின் விரல்களும் சில ஓரங்களில் விழுந்திருக்கும். முகம் தெரியாத அவர்களோடு அவருக்கு நல்ல பழக்கம். "இந்தப் பொண்ணு இன்னிக்கு நகத்துக்குச் சாயம் பூசிட்டு வந்திருக்கா." "இவன் நகம் கடிக்கிறவன். வீட்ல என்ன கவலையோ."

சென்ற வாரம் தெருமுனைத் தையல்காரரின் வழக்கு வந்தது. கட்டட உரிமையாளர் கடையைக் காலி செய்யச் சொல்கிறார். நெடுங்காலம் கடை நடத்துபவரை வெளியேற்றக் கூடாது என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. பின்னாளில் இன்னொரு சட்டம் அதை நீக்கிவிட்டது. தம்பி கையை விரித்தான்.

"அந்தச் சட்டமே செத்துப்போச்சுக்கா. அவர்கிட்ட பக்குவமா சொல்லிடலாம்."

"செத்தா உயில் இருக்காதா? அதை நீக்கின சட்டத்தைப் படிச்சியா?"

"படிச்சேன். கடைசிப் பக்கத்துல அடி வரிங்க மேல ஸ்கேன் பண்ணவன் கட்டைவிரல்தான் இருக்கு."

"விரலைப் பாத்துட்டுத் திரும்பிட்டியா! இதுக்குக் கறுப்புக் கோட்டு வேற. அதே புத்தகம் வேற நூலகத்துல இருக்காதாடா?"

அவரே தேடத் தொடங்கினார். ஒரு நூலகத்தில் அந்தத் தொகுதியே இல்லை. இன்னொன்றில் வேறோர் ஆண்டின் தொகுதிக்கு இந்த ஆண்டின் பெயரை ஒட்டியிருந்தார்கள். கடைசியில், எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் அந்தப் பக்கம் துடைத்து வைத்ததுபோல் கிடைத்தது. விரல் மறைத்த இடத்தில் நாலு வரி: பழைய சட்டத்தின்கீழ் ஏற்கெனவே உரிமை பெற்றவர்களை இந்த நீக்கம் பாதிக்காது. தையல்காரர் அதற்கு வெகுநாள் முன்பே உரிமை பெற்றவர்.

"அக்கா, நீ தெய்வம்!" என்றான் தம்பி போனில்.

"தெய்வத்துக்கு அப்புறம் படையல் போடு. முதல்ல கோர்ட்டுல குடுக்கச் சான்றிட்ட நகலுக்கு எழுது."

மாலையில் அக்கா ஒரு புதுத் துணியோடு தையல்காரரின் கடைக்குப் போனார். அவர் கத்தரிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"புதுத் துணி எடுக்கறதில்லம்மா. அடுத்த மாசம் எங்க இருப்பேனோ."

"தம்பி இன்னும் பேசலையா? பேசுவான்."

சொல்லிக்கொண்டே துணியை மேசைமேல் விரித்தார்.

"ஒண்ணும் அவசரமில்லண்ணே. அடுத்த வருஷம் குடுத்தாலும் போதும்."

அவர் விழித்தார். இவரோ, அளவெடுக்க வாகாக இரு கைகளையும் அகட்டிக்கொண்டு நின்றார்.