பகவதியக்காவின் ராத்தங்கல்

தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 1974இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் எனக்கு அடுத்த நாற்காலி பகவதியக்காவுடையது. கடற்கரை லைன் முழுவதும் அவள் கையில் இருந்தது. திருச்செந்தூர், உடன்குடி, நாகர்கோவில் என்று எந்த ஊர் ஆபரேட்டரையும் குரலை வைத்தே அடையாளம் சொல்வாள். உடன்குடிக்காரருக்குச் சளி பிடித்தால் அவர் வீட்டுக்குத் தெரியுமுன் அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் திருச்செந்தூருக்குத் தெற்கே ஓர் ஊரைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. மில்லர்புரத்தில் அம்மாவோடு இருந்தாள். அப்பா சங்கரபாண்டியன் இறந்துவிட்டார், உடன்பிறந்தவர்கள் இல்லை. அவர்களுடைய சமூகச் சங்கத்தில் குடும்பத் தலைவரான ஒவ்வோர் ஆணையும் ஒரு தலைக்கட்டு என்று வைத்து வருஷா வருஷம் வரி வாங்குவார்கள். அப்பா போனபின் அந்த வரியை அக்காவே கட்டினாள். ரசீது மட்டும் செத்தவர் பேருக்கே வந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம், போர்டு ஓய்ந்திருந்த நேரத்தில், வாடகைக் கார் பிடித்துக் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போய் வருவது என்று அக்கா முடிவு செய்தாள். அவள், எங்களோடு வேலை பார்த்த ஞானபாக்கியம், நான். மூன்று நாள் லீவு. எங்கெங்கே ராத்தங்குவது என்பதை லைனிலேயே விசாரித்தாள்.

"மணப்பாட்டுல தங்க எடம் கெடையாது. கோயிலப் பாத்துட்டுக் கெளம்பிருங்க. அதுக்கங்குட்டு ரோட்டுல மணல் ஏறிக் கெடக்கும், பகல்லயே தாண்டிருங்க" என்றார் உடன்குடிக்காரர். அப்புறம் கேட்டார்: "கூட ஆம்பிளை யாரு வாரா?"

"யாரும் வரல."

 மற்ற ஊர்களிலும் இதே கேள்விதான். பல நாள் பேசியதில் ஒரு வழி கிடைத்தது. முதல் ராத்திரி திருச்செந்தூரில், சங்கத்து மடம். வரி கட்டும் தலைக்கட்டுக்கு அங்கே அறை உரிமை. கூட வருபவர்கள் எந்த ஊர், எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். இரண்டாவது ராத்திரி கன்னியாகுமரியில், நாகர்கோவில் ஆபரேட்டர் சொல்லி வைத்த ஒரு லாட்ஜ்.

விஷயம் கேள்விப்பட்டு, அக்காவின் பெரியப்பா மகன் தாணுலிங்கம் கடையை அடைத்துவிட்டே வந்து நின்றார்.

"ஏளா, மூணு பொம்பளைக்கு எவன் ரூம் குடுப்பான்? நான் கூட வாரேன், பேரு எழுதிக் குடுத்துட்டு ஒரு ஓரமாப் படுத்துக்கிடுதேன்."

"உங்க பேருல தங்கதுக்கு நான் வீட்டுலயே இருந்துக்கிடுதேன், அண்ணன்."

"போ, போ. பொழுது சாய திரும்பி வந்து நிப்ப. அப்ப பாக்கேன்."

அக்கா பையில் இன்னொரு சேலையை எடுத்து வைத்தாள்.

கார் டிரைவர் பால்துரை நாசரேத்துக்காரர். அதிகம் பேசாதவர். ஆறுமுகநேரி உப்பளங்களில் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலை கலைய உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் திருச்செந்தூர் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மடத்து மேனேஜர் செல்லப்பாண்டி பதிவேட்டைத் திறந்தார். "தலைக்கட்டு யாரு?"

"நான்தான். பகவதி. தூத்துக்குடி."

பேனா நின்றது. "நீங்க மகதான? நான் தலைக்கட்டக் கேக்கேன்."

"வரி கட்டுதது நான். எங்க வீட்டுல வேற ஆளு கெடையாது, அண்ணாச்சி."

"அப்பா பேரு சொல்லுங்க, அதப் போடுதேன்."

"அவிய செத்து ஏழு வருசமாச்சு. வந்து படுப்பாவளா?"

ஞானபாக்கியம் சிரித்துவிட்டாள். செல்லப்பாண்டி வாசலை எட்டிப் பார்த்தார். காரைத் துடைத்துக்கொண்டிருந்த பால்துரை கண்ணில் பட்டதும் அவர் முகம் தெளிந்தது. "வேய், இங்கன வாரும். உம்ம பேரு என்ன?"

"பால்துரை."

தலைக்கட்டு என்ற கட்டத்தில் 'பால்துரை' என்று எழுதியே விட்டார்.

பால்துரை பதறிப் போனார். "அண்ணாச்சி, நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். இந்த அக்கா பேரே எனக்கு இன்னைக்கு மத்தியானந்தான் தெரியும்."

"அதனால என்ன? ஒரு ஆம்பிளைப் பேரு வேணும், அவ்வளவுதான்."

"அப்படியா அண்ணாச்சி?" என்றாள் அக்கா. மோசமான லைனில் கொழும்புக்கும் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகிய குரல் அது. "இந்த மடத்துல கார் ஓட்ட வந்தவரு தலைக்கட்டு ஆகலாம். வரி கட்டுதவ ஆகக் கூடாது."

செல்லப்பாண்டி எழுதியதை அடித்தார். சாவியை மேஜைமேல் தள்ளினார். "ஒண்ணும் எழுத வேண்டாம். எடுத்துட்டுப் போங்க. நான் பாக்கல."

ஞானபாக்கியம் கையை நீட்டினாள். அக்கா சாவியைத் திருப்பித் தள்ளினாள்.

"களவாத் தங்க வரல."

"வாங்கிக்கிடுவோம்க்கா, இருட்டப் போகுது" என்று நான் அவள் காதருகே சொன்னேன்.

"பேரில்லாமத் தங்கினா, தாணு அண்ணன் சொன்னதுதான் சரின்னு ஆயிரும். அதுக்கு இப்பவே வண்டியத் திருப்பச் சொல்லலாம்."

 அக்கா மேஜைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். பால்துரையையும் கூப்பிட்டுக் கொடுத்தாள். அறை கேட்டு வந்த ஒவ்வொரு குடும்பமும், "என்னம்மா, ரூம் இல்லையா?" என்று விசாரித்தது. ஒவ்வொருவருக்கும் அக்கா முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். செத்தவர் பேரில் வரும் ரசீது, டிரைவர் பேர், எதையும் விடவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒருவர், "பொம்பளைக்கு இவ்வளவு வாயி ஆகாது" என்றார். "அப்ப நீங்க கேட்டிருக்கக் கூடாது" என்றாள் அக்கா.

ஏரலிலிருந்து மகனோடு வந்திருந்த இசக்கித்தாய் என்ற அம்மாள் மட்டும் நின்று முழுவதையும் கேட்டாள். கட்டியிருந்தது விதவைகளின் வெள்ளைச் சேலை.

"எங்க வீட்டுலயும் வரி நான்தானே கட்டுதேன்" என்றாள் யோசனையாக. பிறகு, மேஜையில் குனிந்து கையெழுத்துப் போடவிருந்த மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏலே, நில்லு. என் பேரப் போடச் சொல்லு."

"எம்மா, சும்மா வாங்கம்மா."

"நீ சும்மா கெட. அண்ணாச்சி, எம் பேரு இசக்கித்தாய்."

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். செல்லப்பாண்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "யம்மா, எழுதுதேன், எழுதுதேன். நீங்க மொதல்ல எந்திரிச்சு வாங்க."

அக்கா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். தலைக்கட்டு என்ற கட்டத்தில் 'பகவதி' என்று அவர் எழுதி முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. இசக்கித்தாய் அடுத்த வரிக்காகக் காத்து நின்றாள்.

"ஒரு ராத்திரிதானம்மா?" என்று கேட்டார் செல்லப்பாண்டி.

"ரெண்டு போடுங்க."

ஞானபாக்கியம் என்னைப் பார்த்தாள். மறுநாள் ராத்திரிக்குக் கன்னியாகுமரி லாட்ஜில் சொல்லி வைத்திருந்தது. அக்காவின் கண் இன்னும் பதிவேட்டில் தன் பேர்மேலேயே இருந்தது.