கழற்றி வைத்த கண்ணாடி

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் அவரைப் பல்லண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பல் எடுப்பாக இருக்குமோ என்று நினைத்துவிட வேண்டாம். பல் செட் செய்வது அவர் தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதை வைத்துப் பல் வரிசை கட்டி, ஈறு வார்த்து, மோட்டாரில் பிடித்து வழவழவென்று தேய்த்துக் கொடுப்பார். ஊரில் பாதிக் கிழவர்களின் சிரிப்பு தன் கை வழியாகத்தான் போயிருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மருந்துக்கடை மாடியில் ஒற்றை ஜன்னல் வைத்த அறை. மேசையின் வலது ஓரத்தில் அந்த மோட்டார். இருபத்தாறு வருஷம் அது அவருடைய வலது காதுக்கு ஒரு முழத் தூரத்தில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராத மனிதர், ஞாயிறு காலையில் வேறு ஆளாக வந்து நிற்பார். ஐம்பத்திரண்டு வயதில் இளவட்டங்களுக்குச் சமமாக மிதிப்பார். மேட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துப் பக்கத்திலேயே வருவார். அவரைப் பிடிக்காதவர் எங்களில் ஒருவரும் கிடையாது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அத்தனை பாடு பட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் கூட்டத்துக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. புது சைக்கிள் வாங்கினால் முதல் வேலை, கடைக்காரர் மாட்டிக் கொடுத்ததில் பாதியைக் கழற்றுவது. ஸ்டாண்டு போய்விடும், வண்டியைச் சுவரில் சாய்ப்போம், சுவர் இல்லாத இடத்தில் ஆளே ஸ்டாண்டாக நிற்போம். மட்கார்டு போய்விடும், மழை நாளில் முதுகுத்தண்டு நெடுகச் சேறு கோடு போடும், அதை வீட்டில் துவைக்கப் போடும்போது ஒரு பெருமை. பெல் எதற்கு, வாய் இருக்கிறதே. சக்கரத்தில் மின்னும் வில்லைகளைப் பார்த்தால் சின்னப் பிள்ளை வண்டி என்போம். காற்றடிக்கும் வாயின் பிளாஸ்டிக் மூடியைக்கூட விட்டுவைத்ததில்லை. இதற்கெல்லாம் தலைவர், நாங்கள் கேப்டன் என்று கூப்பிடும் விளக்குக் கடைக்காரர். கடை நிறைய விளக்கு, அவர் சைக்கிளில் ஒன்றுகூடக் கிடையாது. கழற்றிய ஒவ்வொரு சாமானையும் சமையலறைத் தராசில் வைத்து இத்தனை கிராம் மிச்சம் என்று அறிவிப்பார். அவருடைய தொப்பை மட்டும் அந்தத் தராசில் ஏறியதேயில்லை.

எல்லாவற்றிலும் கேவலம், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி. அதை மாட்டியவர் எங்கள் கணக்கில் சைக்கிள்காரரே அல்ல.

பல்லண்ணனின் மனைவி பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு கேட்டைத் தாண்டியது என்று குறிப்பது வேலை. புருஷனுக்கு வலது காது மந்தமாகிறது என்று முதலில் கண்டுபிடித்தது அண்ணிதான். நடக்கப் போனால் அவர் எப்போதும் அண்ணியை இடது பக்கம் வரச் சொல்வாராம். போனை இடது காதுக்கு மாற்றிக்கொள்வாராம். இடது பக்கம் சாய்ந்து படுத்த நாட்களில் அலாரம் அடித்து ஓய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டாராம். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, எனக்கென்ன கிழடு தட்டிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். அண்ணி விவாதம் செய்யவில்லை. டிப்போவுக்கு எதிரே உள்ள கடையில், கைப்பிடி முனையில் செருகுகிற வட்டக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்து, தானே மாட்டிவிட்டார்.

"எங்க டிப்போல கண்ணாடி ஒடைஞ்ச பஸ்ஸ கேட்டத் தாண்ட விடமாட்டோம். உங்களுக்கும் அதே சட்டந்தான்," என்று சொன்னாராம்.

அந்த ஞாயிறு கண்ணாடியோடு வந்து நின்றார் பல்லண்ணன். கேப்டன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சீப்பும் பவுடரும் எங்கே அண்ணே என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். பல்லண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். முதல் டீ நிறுத்தத்தில் அதைக் கழற்றிப் பனியனின் முதுகுப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. ஒரு ஞாயிறு நான் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி அவர் தெரு வழியாகப் போனேன். தெருமுனையில் ஒற்றைக் காலை ஊன்றி நின்று, கண்ணாடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ திருடியவர் போல முழித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது அதே முனையில் நின்று மறுபடி மாட்டிக்கொள்வாராம். நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிறு. ஏரிக்கரைச் சாலையில் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் பல்லண்ணன். அவர் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல், சற்று வலது பக்கம் விலகி, எங்களோடு ஓட்டும் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர். அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் கேப்டனும் மற்றவர்களும். எங்களைத் தாண்டிப் போகப் பால் வண்டி ஒன்று வந்தது. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். டீச்சர், "அண்ணே, வண்டி வருது, வலது பக்கம் வராதீங்க," என்று கத்தினார். அதே நேரத்தில் எதிரே ஒரு குழி. பல்லண்ணன் திரும்பிப் பார்க்காமல் சட்டென்று வலது பக்கம் ஒடித்தார்.

அவர் பின்சக்கரம் டீச்சரின் முன்சக்கரத்தில் உரசியது. டீச்சர் தோள் அடிபடச் சாலையில் விழுந்தார். பால் வண்டி கீச்சென்று பிரேக் போட்டு வளைந்தது. டீச்சரின் சைக்கிள் மேல் ஏறி, அவர் தலைக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நசுங்கிய சைக்கிளும் அதன் மேல் நின்ற சக்கரமும்தான் எங்கள் கண்ணில் பட்டன. கேப்டன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

டீச்சருக்குக் காறை எலும்பும் தோள் மூட்டும் உடைந்திருந்தன. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள்.

டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் போலீஸ் நிலையத்தில் எங்களை மட்டும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். வண்டி ஹாரன் அடிக்காமல் வேகமாக வந்து இடித்தது என்றார் கேப்டன். பல்லண்ணன், ஹாரன் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான். இரண்டு ஹாரனும் என் காதில் விழுந்தன. டீச்சரின் ரத்தம் என் கையுறையில் இன்னும் ஈரமாக இருந்தது, எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். நான் கவனிக்கவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஓட்டுநரின் லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பால் கம்பெனி அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டது.

மூன்று வாரம் போயிருக்கும். டிப்போ கேன்டீனுக்குப் பால் கொண்டுவரும் ஆள் மாறியிருந்ததை அண்ணி கவனித்தார். பழைய ஆள் எங்கே என்று விசாரித்தபோது, ஏரிக்கரையில் ஒரு டீச்சரை இடித்துவிட்டார் என்று கேன்டீன்காரர் சொன்னார். பதினொரு வருஷமாகத் தன் கேட்டுக்குள் வந்துபோன மனிதர் அவர். ஹாரன் அடிக்காமல் ஒரு திருப்பம்கூடத் திரும்பாதவர் என்பது அண்ணிக்குத் தெரியும்.

அன்று வீட்டில் நடந்ததைப் பின்னாளில் அண்ணியே எனக்குச் சொன்னார். பல்லண்ணன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாராம். அண்ணி வலது பக்கம் உட்கார்ந்து சாதாரணக் குரலில் ஒரு கேள்வி கேட்டார். அவர் பக்கத்தைப் புரட்டினார். மறுபடி கேட்டார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே படித்தார். அண்ணி எழுந்து வந்து இடது பக்கம் உட்கார்ந்தார்.

"ஹாரன் அடிக்கலையா, இல்ல உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"கண்ணாடில கூடத் தெரியலையா?"

"அது முதுகுப் பைல இருந்துச்சு," என்றாராம்.

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பல்லண்ணன் என்னிடம் சொன்னார். நான்கு நாள் அந்த வீட்டில் சாவி எங்கே, தண்ணீர் வந்ததா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மாடி அறையில் அவர் கட்டிய பல் வரிசை ஒன்றை டாக்டர் திருப்பி அனுப்பினார், கடைவாய்ப் பல்லை இடம் மாற்றி வைத்திருந்தார். ஐந்தாம் நாள் தானாகவே போய்க் காது பரிசோதனை செய்துகொண்டார். பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்களாம். இடது காது முடிந்து வலது காதுக்கு வந்ததும், அவர் எதிரே இருந்த பெண்ணின் கையைப் பார்த்துப் பார்த்து உத்தேசமாக அமுக்கியிருக்கிறார். பள்ளிக்கூடப் பரீட்சையில் காப்பியடித்த மாதிரி இருந்தது என்றார். அந்தப் பெண் கண்டுபிடித்து, அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்துவிட்டார். வலது காது பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னைக் கூப்பிட்டார். கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கை தொங்க, டீச்சர் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பல்லண்ணன் ஒன்றுவிடாமல் சொன்னார். காது, தெருமுனை, முதுகுப் பை, எல்லாம். டீச்சர் கேட்டு முடித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் அவ்வளவு கத்தினேன். நீங்க ஏன் அப்படிப் பண்ணினீங்கன்னு ஒரு மாசமா யோசிச்சிட்டே படுத்திருக்கேன்," என்றார். "காது கேக்காதது உங்க தப்பில்லண்ணே. கேக்கும்கிற மாதிரி எனக்கு முன்னாடி ஓட்டினீங்க பாருங்க, அதை என்னால தாங்கிக்க முடியல."

பல்லண்ணன் குனிந்துகொண்டார். இனி வர வேண்டாம், போனும் செய்ய வேண்டாம் என்று டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டப் பல்லண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வாக்குமூலத்தை மாற்றப் போகிறார் என்று தெரிந்ததும் கேப்டன் கடையை விட்டுவிட்டு ஓடி வந்தார். இது உங்களோடு நிற்காது, நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஊர் சிரிக்கும் என்றார். பல்லண்ணன் இது கேட்காது என்று வலது காதைத் தொட்டுக் காட்டி, கேப்டனை மறுபக்கம் வந்து சொல்லச் சொன்னார். கேப்டன் இடது பக்கம் வந்து மறுபடி அதையே சொன்னார். பல்லண்ணன் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் போனேன். எனக்கு முன்னால் அவர் நடந்திராவிட்டால் நான் போயிருப்பேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

எங்கள் இரண்டு பேர் வாக்குமூலத்தையும் வாங்கிப் படித்த அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"அன்னைக்கு உங்கள்ல ஒருத்தருக்குக்கூடக் காது வேலை செய்யலையா?" என்று கேட்டார்.



பல இழுபறிக்குப் பிறகு ஓட்டுநருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. பால் கம்பெனியில் அவர் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டிருந்தார். அண்ணி டிப்போவில் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. இப்போது செங்கல் லாரி ஓட்டுகிறார். பல்லண்ணன் அவர் குடியிருந்த மாடிக்குத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம், இல்லேன்னு சொல்லல. ஆனா இந்தப் படிக்கட்டுல ஏறி எறங்கும்போதெல்லாம் ஜனங்க என்னப் பாத்த பார்வை இருக்கே, அதை நீங்க எந்த ஸ்டேஷன்ல போயி மாத்துவீங்க?" என்று கேட்டாராம். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது என்றார் பல்லண்ணன்.

கூட்டம் அதோடு இரண்டாகப் பிரிந்தது. கேப்டன் பக்கம் ஆறு பேர், அதே சட்டங்களோடு ஓட்டுகிறார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டோம். பல்லண்ணன் வலது காதில் கருவி வைத்துக்கொண்டார். காற்றடித்தால் அதற்குள் புயல் மாதிரி இரைகிறது என்று திட்டிக்கொண்டே வைத்துக்கொள்கிறார். மோட்டாரைச் சத்தம் அடங்க மேசையின் அடியில் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். ஞாயிறு காலையில் கண்ணாடியோடு தனியாக ஓட்டுகிறார். எதிரே யாராவது கூட்டமாக வந்தால் ஓரம் கட்டி இறங்கி நின்றுகொள்கிறார். அண்ணி அவரோடு பேசுகிறார். முன்போல் கிண்டல் செய்வதில்லை.

சென்ற மாதம் டீச்சருக்கு நான் போன் செய்தேன். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறேன், கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை என்று பிள்ளைகள் எழுந்து நின்று எழுதுகிறார்கள் என்றார். கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். பல்லண்ணனைப் பற்றி நானாக எதுவும் சொல்லவில்லை. போனை வைக்கப் போகும் நேரத்தில், அவர் இன்னும் ஓட்டுகிறாரா என்று கேட்டார். ஓட்டுகிறார், தனியாகத்தான் என்றேன்.

"சரி," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.