காஜா பாய் செய்த டிரெஸ்ஸிங் டேபிள்

காஜா மொய்தீன் பாய்க்கு மூக்கு பேருக்குத்தான் இருக்கிறது, வேலை செய்யாது. துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கந்தகமும் உரமும் இறக்கி அது செத்துப்போனது. அவர் வீட்டில் மீன் குழம்பு தீய்ந்தால் பக்கத்து வீட்டிலிருந்து நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். "எனுக்கும் சேத்து நீயே மோந்துக்கோ ரமாபாய்" என்று சிரிப்பார். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

வேலையை விட்டதும் தச்சு வேலையில் இறங்கினார். திருவொற்றியூரில் இரண்டு அறை வீட்டில் ஓர் அறை பட்டறை ஆனது. செல்போனில் வீடியோ பார்த்துத்தான் எல்லாம் கற்றுக்கொண்டார். முதலில் செய்த முக்காலியை எனக்குத் தந்தார். அதில் உட்கார தைரியம் வேண்டும்.

மகள் லுப்னா ஏழு மாதக் கர்ப்பத்தோடு வருகிறாள் என்றதும், அவளுக்கு ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் செய்யத் துணிந்தார். மேலே கண்ணாடி, கீழே குழந்தைத் துணிக்கு மூன்று இழுப்பறை. அம்மா இல்லாத பெண். பிரசவம் வரை நான் பார்த்துக்கொள்வதாக அவள் புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

தண்டையார்பேட்டை குடோனில் வேலை செய்யும் தோஸ்து ரஷீது, கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டு வரும் கட்டைகளை ஆட்டோவில் அனுப்பினான். நல்ல கனமான மரம், அங்கங்கே பழுப்புக் கறை. பாய் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வாரம் இழைத்தார். கண் சிவந்தது, முழங்கை வரை தடித்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

"பாத்தியா, ஒரு எறும்பு ஏறல. கரையானும் கிட்ட வராது" என்று காற்றாட வாசலில் வைத்துத் தட்டிக் காட்டினார். உண்மையிலேயே அழகாக வந்திருந்தது. நானும் மனசாரப் பாராட்டினேன். அந்த வாயை இப்போது கிழிக்கலாம் போல இருக்கிறது.

லுப்னா வந்தாள். பட்டறையைக் கழுவி அதிலேயே கட்டில் போட்டோம், தலைமாட்டில் டேபிள். மறுநாளே அறையில் ஒரு நெடி.

"கெமிக்கல் கம்பெனிக்காரன் கேஸத் தொறந்து வுட்டுட்டான்" என்றேன். இங்கே நெடி வந்தால் யாரும் யோசிப்பதில்லை. ஜன்னலைச் சாத்து, கதவடியில் ஈரத்துணியைத் திணி, அவ்வளவுதான். நானே சாத்தினேன், நானே திணித்தேன். நெடி குறையவில்லை, இடுக்கெல்லாம் பார்த்து இன்னும் பழைய புடவையைச் செருகினேன். லுப்னாவுக்குத் தலைவலி, வாந்தி. மாசமாக இருப்பவளுக்கு இதெல்லாம் சகஜம் என்றும் நானே சொன்னேன்.

பதினோராம் நாள் மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன். கடல் காற்று அள்ளிக்கொண்டு போனது. மேற்கே இருக்கிற கம்பெனி நெடி அதில் வர வழியே இல்லை. தெருவைப் பார்த்தேன். எல்லா வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது, பாய் வீட்டைத் தவிர.

படி இறங்கி ஓடினேன். அறைக்குள் நுழைந்து கீழ் இழுப்பறையை இழுத்தேன். குழந்தைத் துணியோடு நெடி முகத்தில் அடித்தது.

"லுப்னா, எழுந்து வெளிய வா!"

அவள் மெதுவாக எழுந்தாள். "இன்னா ஆன்ட்டி? காலையிலேர்ந்து கொழந்த அசையவே இல்ல. தூங்குதுபோல."

சத்தம் கேட்டு ஓடிவந்த பாயின் காதோரம், நெடி டேபிள் மரத்திலிருந்துதான் வருகிறது என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது, அவர் இறங்கி ஓரமாகப் போய் ரஷீதுக்குப் போன் போட்டார்.

"பூச்சி மருந்து டிரம்முக்கு அடியில கெடந்த கட்ட பாய். ஷெட்டு போடத்தான் கேக்கறியாங்காட்டியும்னு நென்ச்சேன்" என்றானாம் அவன். ஆஸ்பத்திரி வாசலில்தான் பாய் என்னிடம் அதைச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் துடிப்பு கேட்டது. பலவீனமாக இருக்கிறது என்றார் டாக்டர். எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டு, கட்டையில் இருந்த மருந்தைப் பற்றி விசாரித்துவிட்டு, எத்தனை நாள் அந்த அறையில் இருந்தாள் என்று கேட்டார். சொன்னோம். பேனாவை மூடிவிட்டு, "பொறந்தப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார். லுப்னாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லவேண்டாம், பயம் கூடாது என்றும் சொன்னார்.

உள்ளே போனேன். லுப்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இல்லாங்காட்டி இன்னா ஆயிருப்பேனோ ஆன்ட்டி. அந்த கம்பெனி நாத்தம் உள்ள வராம தெனமும் ஜன்னல பாத்துப் பாத்து சாத்தினியே."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவளை நான் இப்போது என் வீட்டில் வைத்திருக்கிறேன். பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.