எட்டு மணி நேரம் முன்னதாக

கை சும்மா இருக்காத ஒருத்தியைப் பொறுமை வேண்டிய வேலையில் கொண்டுபோய் உட்கார வைத்தது யார் என்று தெரியவில்லை. வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். அடுப்பில் பால் வைத்தால் பொங்குவதற்குள் பத்துத் தடவை கிண்டிவிடுவாள். காலில் புண் வந்தால் ஆறிவிட்டதா என்று சுரண்டிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த உத்தியோகம், குடல் வளர்ப்பது.

முழுக் குடல் இல்லை. பெருங்குடல் அழற்சி உள்ளவர்களிடமிருந்து கிள்ளியெடுத்த துணுக்குகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். அவற்றைக் கண்ணாடித் தட்டில் ஜெல்லிக்குள் வைத்து, உடம்புச் சூட்டில், இரண்டு நாளைக்கு ஒருமுறை சத்து நீர் மாற்றி வந்தால் கடுகை விடச் சிறிய குடல் உருண்டைகள் முளைக்கும். வளர்ந்தபின் வீக்கத்தைக் கிளப்பும் திரவம் ஒன்றை அதன்மேல் விட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதை மிளகாய்த் தண்ணீர் என்பார்கள். கூடவே புது மருந்தையும் சேர்த்து, நாற்பத்தெட்டு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். அதன்பிறகும் திசு சிதையாமல் இருந்தால் அந்த நோயாளிக்கு அந்த மருந்து கேட்கும் என்று வைத்துக்கொள்வார்கள். பதினோரு வருஷம் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். ஒரு குறை சொல்ல முடியாது.

பன்னிரண்டாம் வருஷம் தம்பியின் துணுக்கு வந்தது. குழாயின் மேல் எண் மட்டும்தான் இருக்கும், பேர் இருக்காது. ஆனால் அன்றைக்கு வந்ததே ஒரே குழாய். அன்று காலையில்தான் தம்பிக்கு உள்ளே கேமரா விட்டுப் பார்த்திருந்தார்கள். சொந்தக்காரர் என்றால் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொன்னால் அந்தத் தட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். யாரோ ஒருத்தர் ஏனோதானோவென்று பார்ப்பதா என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

தம்பி பஸ் ஓட்டுபவன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை கக்கூஸுக்கு ஓட வேண்டியிருந்ததால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு டிப்போவில் டயர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை மாட்ட வேண்டியதுதான் என்று டாக்டர்கள் தேதியும் குறித்துவிட்டார்கள். புது மருந்து கேட்டால் மட்டும் தப்பிக்கலாம்.

உருண்டைகள் வளர்ந்தபின், ஒரு திங்கள் மாலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டு நோயாளிகளின் தட்டுகளிலும் மிளகாய்த் தண்ணீரும் புது மருந்தும் விட்டாள். அன்று இரவு முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை, மறுநாளும் அப்படியே. புதன் காலை ஒன்பதுக்கு மற்றவர்கள் வருவதற்குள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். தம்பியின் தட்டில் ஓரங்கள் லேசாகப் பிரியத் தொடங்கியிருந்தன. ஐயோ, எரியுமே என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் கை அந்தத் திரவத்தை உறிஞ்சி எடுத்து, சத்து நீரை விட்டுவிட்டது. மாலையில் தம்பியின் திசு சிதையாமல் இருந்தது. பதிவேட்டில் பன்னிரண்டுக்கும் நாற்பத்தெட்டு மணி என்றே எழுதினாள்.

அடுத்த வாரம் தம்பியின் போன் வந்தது.

"அக்கா! குடல் தப்பிச்சுது! மருந்து கேக்குதாம். ஆபரேஷன் தேதியை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை மருந்து ஆரம்பம்!"

"நல்லதுடா" என்றாள். மருந்து நிஜமாகவே கேட்கலாம். கேட்காமலும் போகலாம். கேட்காவிட்டால், அவர்கள் மருந்தை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் அந்தக் குடலில் உள்ளேயே ஓட்டை விழுந்துவிடும். தம்பி பிழைப்பானா என்பதே அப்போது சந்தேகம்.

ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். காய்ந்த துணியை மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஒரு இடத்துல உக்காரேன், எனக்குத் தலை சுத்துது" என்றார் கணவர்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுக்கூடத் தலைவியின் அறைக்குப் போய், உட்காராமலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"எத்தனை மணி நேரம் முன்னாடி எடுத்தீங்க?"

"எட்டு, மேடம்."

"இனிமே எந்தத் தட்டையும் தொடாதீங்க. அப்புறம்... இதைச் சொல்லாம இருந்திருந்தா ஒரு ஆளைக் கொன்னிருப்பீங்க."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போய் மருந்து நிறுத்தி வைக்கப்பட்டது. உறையவைத்திருந்த மிச்சத் துணுக்கிலிருந்து மறுபடி வளர்த்தார்கள். மூன்று வாரம் அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை நாற்பத்தெட்டு மணி நேரமும் முழுசாகக் கழிந்தது. தம்பியின் திசு கந்தலாகிக் கிடந்தது. மருந்து கேட்கவில்லை.

டாக்டர் தம்பியிடம் சொன்ன அன்று மாலை அவளே போன் செய்தாள். எதையும் மறைக்கவில்லை. அவள் சொல்லி முடித்ததும் தம்பி கேட்டான்.

"அதுக்கு வலிக்கும்னா எடுத்த?"

"வலிக்காதுடா. அதுல நரம்பே கிடையாது."

"அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எடுத்த?"

"தெரிஞ்சும்தான் எடுத்தேன்."

அவன் மூக்கை உறிஞ்சினான். அழுகிறானா, சிரிக்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"பத்தாம் தேதி ஆபரேஷன். நீ வராத. கத்தி வைக்கிற நேரத்துல டாக்டர் கையைப் புடிச்சுக்குவ."

"சரிடா, வரல."

"அக்கா" என்றான் கொஞ்சம் கழித்து. "வந்துடு."